சிவப்பு நேர், கறுப்பு மறை

2023 ஜனவரி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அது. சுபஹ் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கூடக் கழற்றியிருக்கவில்லை. கைத்தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து எனது பழைய மாணவன் ஒருவன் வாட்சப்பில் அழைத்தான். பெருநாட்களில் மட்டும் பேசுகிறவன். பெருநாள் இல்லாத ஒரு விடியற்காலையில் அவனது பெயரைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது.

அவன் இருப்பது அல்பேர்ட்டா மாகாணத்தில். எங்களுக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் பன்னிரண்டரை மணித்தியால வித்தியாசம். எங்களுக்குச் சனிக்கிழமை காலை 5.45 என்றால் அங்கே வெள்ளிக்கிழமை மாலை 5.15. நாங்கள் சுபஹ் முடித்து வரும்போது அவர்களுக்கு மஃரிப் நேரம்.

“சேர், எங்கட ஹீட்டர் வேலை செய்யுதில்ல. வெளியில மைனஸ் இருபத்திநாலு. தேமோஸ்டாட்டு பழுதாப் போச்சு. புதுசு ஒண்டு வாங்கலாம் என்டா கடையப் பூட்டிட்டாங்க. நாளைக்குத்தான் திறப்பாங்க. ராவைக்கு என்ன செய்யுற என்டு தெரியல்ல சேர்.”

நான் கிழக்கு மாகாணத்தின் ஒரு கரையோரக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். என் வாழ்நாளில் நான் கண்ட ஆகப் பெரிய குளிர், பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போன ஒரு டிசம்பரில் நுவரெலியாவில் பட்டதுதான். அங்கே பட்ட குளிரைப் பற்றி ஊருக்கு வந்து ஒரு கிழமை கதைத்தேன். சைபருக்குக் கீழே 24 பாகை என்பது எனக்குக் கரும்பலகையில் எழுதுகிற ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்குள் ஒரு குடும்பம் இருந்துகொண்டு என்னிடம் வழி கேட்டது.

அவன் குடும்பத்தோடு இருந்தது ஒரு டிரெயிலரில். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துச் செல்கிற, சக்கரம் பூட்டிய சிறிய வீடு அது. கோடை காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஆறு, குளம், காடு என்று உல்லாசம் போவதற்காகச் செய்தது. நகரத்தில் வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல், பழைய டிரெயிலர் ஒன்றை வாங்கி, மின்சாரமும் தண்ணீரும் தருகிற ஒரு வளவில் நிறுத்தி, மனைவியோடும் மூன்று வயது மகளோடும் அவன் அந்தக் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தான். சுவர் இரண்டு அங்குலத் தடிப்பும் வராது என்று முன்பு ஒரு முறை சொல்லியிருந்தான். பெருநாள் படங்களில் நாங்கள் பார்த்தது அவனது சிரிப்பையும் பிள்ளையின் புதுச் சட்டையையும்தான். அந்தச் சுவரைப் படத்தில் யாரும் பார்க்கவில்லை.

“இப்ப உள்ளுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“சின்னக் கரண்ட் ஹீட்டர் ஒண்டு படுக்கையில போட்டிருக்கன். அது காணாது. அதனால கேஸ் அடுப்பு மூண்டையும் பத்த வெச்சிருக்கன் சேர். கதவு, ஜன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டியிரிக்கி. கொஞ்சம் சூடுதான். ஆனா சுவரில இரிக்கிற பெட்டி ஒண்டு விடாமக் கத்துது. பிள்ளை எழும்பிடும் என்டு அதைக் கழற்றி வெச்சிட்டன்.”

எனக்கு உடம்பு நடுங்கியது. என்ன பெட்டி என்று நான் கேட்கவில்லை. அது எதுவாக இருக்கும் என்று விளங்கிவிட்டது. பூட்டிய அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் ஒட்சிசன் குறையும். ஒட்சிசன் குறைந்தால் எரிதல் நிறைவடையாது. நிறைவடையாத எரிதலில் காபனோரொட்சைட்டு வரும். நிறமும் மணமும் அதற்குக் கிடையாது. குருதியில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். நித்திரையில் இருப்பவர் நித்திரையிலேயே போய்விடுவார். இதை நான் எத்தனை வகுப்புகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்! அவனும் கொப்பியில் எழுதியவன்தான்.

“முதல்ல அடுப்ப நூறு. கதவத் திற. பிள்ளையையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு இந்த நிமிசமே வெளிய போ. பக்கத்தில யாரும் இருக்காங்களா?”

“பக்கத்து டிரெயிலர்ல வயசான தம்பதி இரிக்காங்க சேர். ஆனா இதுவரைக்கும் அவங்க வாசல்ல போய் நிண்டதில்ல...”

“இண்டைக்குப் போய் நில்லு.”

வகுப்பறையில் பேசுகிற அதே குரலில்தான் சொல்லியிருக்கிறேன். எனது மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா. அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். பத்து நிமிடத்துக்குப் பிறகு திரும்ப எடுத்தான். மனைவியும் பிள்ளையும் அந்த வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளைக்குச் சூடாகப் பால் கொடுத்திருக்கிறார்கள், மனைவிக்கு இலேசான தலையிடி இருந்தது, வெளிக் காற்றுப் பட்டதும் குறைந்துவிட்டது என்றான். அல்ஹம்துலில்லாஹ். அவன் மட்டும் டிரெயிலரின் கதவைத் திறந்துவிட்டு, கழற்றிய பெட்டியைத் திரும்பவும் பூட்டிவிட்டு, குளிர்ச் சட்டையோடு நின்றான். அந்தக் கிழவர் ஒரு மல்டி மீற்றரையும் ஒரு டோர்ச்சையும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அதன் பிறகுதான் ஹீட்டரின் கதை தொடங்கியது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து நான் இந்தப் பாடசாலைக்கு வந்தபோது, விஞ்ஞானத்துக்கு ஆளில்லை என்று அதை என் தலையில் வைத்தார்கள். படிப்பித்துப் படிப்பித்தே நானும் படித்துக்கொண்டேன். வெப்பநிலை நிறுத்தி என்ற பாடம் வரும்போது கரும்பலகையில் ஈருலோகச் சட்டத்தை வரைவேன். பித்தளையும் இரும்பும் ஒட்டிய ஒரு தகடு. சூடேறினால் பித்தளை கூடுதலாக விரியும். ஆகவே தகடு இரும்பின் பக்கமாக வளையும். சுற்று அறும், மின்னழுத்தி அணையும். ஆறினால் தகடு நிமிரும், சுற்று மூடும். படத்தைக் கீறு, பெயரிடு, நான்கு புள்ளி. ஒரு சட்டத்தையாவது பிள்ளைகள் கையில் கொடுத்ததில்லை. எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் அது இருந்ததில்லை.

இந்த மாணவன் அந்தப் பாடத்தில் எழும்பி ஒரு கேள்வி கேட்டான். 2008ஆம் ஆண்டாக இருக்க வேண்டும். “சேர், எவ்வளவு சூட்டில வளையணும் என்டு தகட்டுக்கு யார் சொல்லிக் குடுக்கிற?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “அது சோதனைக்கு வராது, இரு” என்றேன். மிக நல்ல கேள்வி அது. திருகாணியைத் திருகினால் தொடுகைப் புள்ளி தள்ளிப் போகும், அப்போது தகடு இன்னும் கூடுதலாக வளைந்தால்தான் சுற்று அறும் என்ற விடை அன்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவனை இருத்திவிட்டேன்.

பதினைந்து வருடம் கழித்து அதே பையன் அதே பாடத்தோடு வந்து நின்றான்.

ஹீட்டரின் மூடியைக் கழற்றச் சொன்னேன். உட்புறத்தில் ஒட்டியிருந்த சுற்று வரைபடத்தைப் படம் பிடித்து அனுப்பினான். கூடவே வந்த கையேட்டின் நாலைந்து பக்கங்களையும் அனுப்பினான். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகளின் தொலைபேசியில் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். ஆங்கிலம் பாதி விளங்கியது. கோடுகள் முழுக்க விளங்கின. மின்சுற்றுக்கு எந்த நாட்டிலும் ஒரே பாஷைதான் என்று அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். அது பிழையான நினைப்பு என்று ஒரு மணித்தியாலத்துக்குள் தெரிந்தது.

டிரெயிலர் ஹீட்டர் என்பது ஒரு வரிசை. சுவரில் உள்ள தேமோஸ்டாட்டு ‘குளிர்கிறது’ என்று சுற்றை மூடும். உடனே நெருப்பு வராது. முதலில் ஊதி சுழலத் தொடங்கும். ஊதியின் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ள வேண்டும். அந்தத் தகடு ஒரு சுவிச்சின் நுனியில் இருக்கிறது. தோணியின் பாயைக் காற்றுத் தள்ளுவது போலத் தள்ளுவதால் ஆங்கிலத்திலும் அதற்குப் பாய்ச் சுவிச்சு என்றே பெயர். பாய் விழுந்தால்தான் அடுத்த இடத்துக்கு மின்சாரம் போகும். அங்கே அளவுக்கு மீறிச் சூடானால் அறுத்துவிடுகிற இன்னொரு சுவிச்சு. அதுவும் சரியென்றால், மின்னணு அட்டை கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, எரிகூடத்தில் தேங்கிய வாயுவை ஊதி வெளியேற்றிய பிறகு, கேஸ் வால்வைத் திறந்து, டிக் டிக் டிக் என்று பொறி தட்டும். நெருப்புப் பற்றியதா என்று அதுவே பார்க்கும். பற்றவில்லை என்றால் கேஸை நிறுத்திவிடும். எரிந்த புகை மூடிய கூடத்துக்குள்ளேயே இருந்து சுவரின் துவாரத்தால் வெளியே போகும். வீட்டுக்குள் வருவது அந்தக் கூடத்தின் வெளிப்புறத்தைத் தடவி வருகிற சுத்தமான காற்று. அடுப்புக்கும் ஹீட்டருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

“போனை ஹீட்டருக்குக் கிட்டப் பிடி. தேமோஸ்டாட்டைக் கூட்டு” என்றேன்.

பன்னிரண்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ஓர் ஊதியின் சத்தம் எனது காதில் விழுந்தது. உர்ர்ர் என்று இழுத்தது. கொஞ்ச நேரம். டிக் டிக் வரவில்லை. பிறகும் வரவில்லை.

“ஊதி சுத்துது தானே?”

“ஓம் சேர். ஆனா குளிர்க் காத்துத்தான் வருது.”

“அப்ப தேமோஸ்டாட்டு என்ன குற்றம் செஞ்ச? ஊது என்டு சொன்னதே அதுதானே.”

அவன் பேசாமல் இருந்தான். மூடியைக் கழற்றி, தேமோஸ்டாட்டின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொடச் சொன்னேன். அது பன்னிரண்டு வோல்ற்றுச் சுற்று, தொடுவதால் ஆபத்தில்லை. தொட்டான். ஊதி அதே போல் சுழன்றது, அதே போல் பொறி வரவில்லை. தேமோஸ்டாட்டு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. விடிந்ததும் காசு கொடுத்துப் புதிது வாங்கியிருந்தாலும் அவனது வீடு குளிர்ந்துதான் கிடந்திருக்கும்.

சுவரில் கண்ணுக்கு முன்னால் இருப்பதும், நமது விரல் படுவதும் அந்தச் சிறிய பெட்டி மட்டும்தான். ஆகவே வீடு குளிர்ந்தால் குற்றம் அதன் மேல்தான் விழும். பரீட்சைப் பெறுபேறு குறைந்தால் ஊர் முதலில் பிள்ளையைப் பிடிப்பது போல.

அடுத்தது கேஸ். அடுப்புச் சுவாலை எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்ல நீலம் சேர், உயரமா எரிஞ்ச.” அப்படியென்றால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சரி. கேஸ் உறைந்துவிட்டதோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம். அதற்கு விடை சொல்ல எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. 2021இன் கடைசி மாதங்களில் எங்கள் நாட்டில் கேஸ் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கியபோது, சிலிண்டருக்குள் புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்று தேநீர்க் கடையில் கூடக் கதைத்தோமே. பியூட்டேன் சைபர் பாகைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகாமல் நின்றுவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். அதனால்தான் குளிர் நாட்டில் புரொப்பேனை அடைக்கிறார்கள். மைனஸ் 24இல் அமுக்கம் குறையும், ஆனாலும் வேலை செய்யும்.

ஆக, கட்டளை கிடைத்திருக்கிறது. கேஸ் இருக்கிறது. இடையில் பாய் விழவில்லை. பாய் விழாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பாயில் தூசியோ மயிரோ சிக்கியிருக்கலாம், அல்லது காற்றுக்குப் பலம் போதாமல் இருக்கலாம். காற்று உள்ளே வருகிற துவாரத்தை ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒன்றுமில்லை. பிறகு, பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்களது ஹீட்டரின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வரச் சொன்னேன்.

போய் வந்தான். “சேர், அவங்கட ஊதி கத்துது. எங்கட ஊதி, களைச்ச மாடு மூச்சு வாங்கிற மாதிரி.” கொஞ்சம் பொறுத்து அவனே சொன்னான்: “ஊதி துவங்கக்க லைட்டும் மங்குது சேர்.”

“நீ இப்பதான் படிச்ச பிள்ளை மாதிரிப் பேசுற” என்றேன். குளிருக்குள்ளும் அவன் சிரித்தது கேட்டது.

மல்டி மீற்றரைப் பெட்டரியின் இரு முனைகளிலும் வைக்கச் சொன்னேன். ஊதி நிற்கும்போது 11.6 வோல்ற்று. ஊதி சுற்றும்போது 10.3. நிறைந்த பெட்டரி 12.6 காட்ட வேண்டும். மின்சாரம் ஏறிக்கொண்டிருந்தால் 13க்கு மேலே காட்ட வேண்டும். இது காய்ந்து போன பெட்டரி.

“ஆனா சேர், கரண்ட் இரிக்கிதே. பிளக்கில ஹீட்டர் எரியுது, பிறிஜ் ஓடுது.”

இங்கேதான் அவனும் நானும் தடுமாறினோம். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு விளங்கியது. அந்த வீட்டுக்குள் ஓடுவது இரண்டு மின்சாரம். வெளியே தூணிலிருந்து வருகிற 120 வோல்ற்று பிளக்குகளுக்குப் போகிறது. விளக்கு, ஹீட்டரின் ஊதி, தண்ணீர்ப் பம்பி எல்லாம் 12 வோல்ற்றில் ஓடுகின்றன. 120ஐ 12 ஆக்கி, பெட்டரியையும் ஏற்றி, இவற்றையும் ஓட்டுவதற்கு இடையில் கொன்வேட்டர் என்று ஒரு பெட்டி. முதல் மின்சாரம் இருப்பதால் இரண்டாவதும் இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். அது இல்லை. ஊதி ஏழு அம்பியர் அளவில் இழுத்து, ஓர் இரவும் பகலும் பெட்டரியைக் குடித்து முடித்திருக்கிறது. குளிரில் பெட்டரியின் கொள்ளளவும் குறைந்துவிடும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருளில் கிடந்தவர்கள் நாங்கள். பெட்டரி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய ஞானம் எங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு உண்டு. பெட்டரிக்கு ஏன் மின்சாரம் ஏறவில்லை என்பதுதான் மிச்சக் கேள்வி.

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

“ஹீட்டர் பழுதாக முந்தி, கடைசியா நீ எதில கை வெச்ச?”

“ஒண்டிலயும் இல்ல சேர்... நேத்துக் காலையில புதுப் பெட்டரி ஒண்டு வாங்கிப் பூட்டின. பழசு பழுது என்டு. அது நல்லாத்தானே இருந்த.”

“பூட்டக்க ஒண்டும் நடக்கல்லையா?”

“ஒரு பொறி பறந்த சேர். மாறிப் பூட்டிட்டன். உடனே கழற்றிச் சரியாப் பூட்டின. லைட் எல்லாம் பத்தின, அதனால யோசிக்கல்ல.”

“ஏன் மாறின? வயர்ல நிறம் இருக்கே.”

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு சொன்னான்.

“சேர் சொல்லித் தந்தபடிதான் பூட்டின. சிவப்பு நேர், கறுப்பு மறை என்டு. இங்க சிவப்பே இல்ல சேர். கறுப்பும் வெள்ளையும்தான் இரிக்கி. கறுப்பு மறைதானே என்டு கறுப்ப மறையில பூட்டிட்டன்.”

அவன் குற்றம் சாட்டவில்லை. பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையின் குரலில்தான் சொன்னான். எனக்கு ஒரு நிமிடம் பேச வரவில்லை. நான் படத்தைப் பார்த்தேன். அங்கே தெளிவாக அச்சிட்டிருந்தது. அந்நாட்டு டிரெயிலர்களில் 12 வோல்ற்றின் நேர் வயர் பெரும்பாலும் கறுப்பு, மறை வயர் வெள்ளை. வீட்டு மின்சாரத்திலும் அங்கே உயிருள்ள வயர் கறுப்பு. நமது பழைய வீடுகளிலோ சிவப்பு உயிருள்ளது, கறுப்பு நொதுமல். இப்போது கட்டுகிற வீடுகளில் அதுவும் மாறி, கபிலமும் நீலமும் வருகின்றன. இங்கே கறுப்பு என்றால் பயமில்லை என்று படித்த ஒருவன் அங்கே ஒரு சுவரைத் திறந்து கறுப்பைத் தொட்டால், அவனது ஜனாஸாவைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வருடத்துக்கு ஒரு வகுப்பு என்று வைத்தாலும் எத்தனை வகுப்புகள்! ‘சிவப்பு நேர், கறுப்பு மறை’ என்று கோரஸாகச் சொல்ல வைத்திருக்கிறேன். அது இயற்கையின் விதி போலத்தான் என் வாயிலிருந்து வந்தது. பித்தளை இரும்பை விடக் கூடுதலாக விரியும் என்பதையும் இதையும் ஒரே குரலில்தான் சொன்னேன். முன்னது எந்த நாட்டிலும் மாறாது. பின்னது மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. கடல் கடந்தால் மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நாளாவது நான் சொன்னதில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கடல் கடந்து போகிறார்கள் என்று தெரிந்திருந்தும் சொன்னதில்லை.

“தம்பி, பிழை உன்னில இல்ல. என்னில” என்றேன்.

“அப்படிச் சொல்லாதீங்க சேர். இப்ப என்ன செய்யுற?”

அவனுக்கு அப்போது தேவைப்பட்டது எனது வருத்தமில்லை. கொன்வேட்டரைத் தேடச் சொன்னேன். கட்டிலின் கீழே ஒரு பலகைக்குப் பின்னால் இருந்தது. பெட்டரியை மாறிப் பூட்டினால் உள்ளிருக்கும் பாகங்கள் எரிந்துவிடாமல், தான் எரிந்து மற்றவற்றைக் காப்பாற்றுவதற்கென்றே அதன் வெளியீட்டில் இரண்டு பியூஸ் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள் என்று கையேட்டில் இருந்தது. தூண் வயரைக் கழற்றிவிட்டு, பெட்டரியின் ஒரு முனையையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டையும் இழுக்கச் சொன்னேன். படம் வந்தது. இரண்டின் கம்பியும் அறுந்து கறுத்திருந்தது.

அவை காரில் போடுகிற சாதாரணத் தட்டைப் பியூஸ்கள். 30 அம்பியர். கிழவரிடம் ஒரு டப்பா நிறைய இருந்தது. இரண்டு வாங்கி வந்து போட்டான். நிறத்தைப் பார்க்காமல் மீற்றரை வைத்து எது நேர், எது மறை என்று அளந்து பார்த்துப் பெட்டரியைப் பூட்டச் சொன்னேன். தூண் வயரைச் செருகினான். மீற்றர் 13.4 காட்டியது.

“இப்ப தேமோஸ்டாட்டைக் கூட்டு.”

ஊதி துவங்கியது. முன்பு கேட்ட சத்தம் இல்லை. பெருங்காற்றுப் போல இரைந்தது. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விநாடி. பதினைந்து. டிக், டிக், டிக். பிறகு ‘வுப்’ என்று ஒரு சத்தம். எனது வீட்டு முற்றத்தில் சூரியன் ஏறி, முதுகு வியர்க்கத் தொடங்கியிருந்தது. கனடாவில் ஒரு தகரச் சுவருக்குள் சூட்டுக் காற்று வரத் தொடங்கியது.

“வருது சேர். சூடு வருது” என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. எனக்கும் அப்படித்தான்.

ஒரு கிழமைக்குப் பிறகு திரும்பவும் எடுத்தான். ஹீட்டர் வேலை செய்கிறது, ஆனால் நாலு நிமிடம் எரிந்து நின்றுவிடுகிறது, சமையலறை சூடு, படுக்கும் இடம் குளிர் என்றான். இந்தத் தடவை அவனே காரணத்தையும் கண்டிருந்தான். தேமோஸ்டாட்டின் நேர் கீழே தரையில் சூட்டுக் காற்று வரும் துவாரம் ஒன்று இருக்கிறது. அந்தக் காற்று முதலில் அதன் மேலேயே படுகிறது. தன்னைச் சுற்றிச் சூடு என்றால் வீடே சூடு என்று அது நினைத்து நிறுத்திவிடுகிறது. துவாரத்தின் காற்றைத் திசை திருப்பி விட்டானாம், இப்போது படுக்கை வரைக்கும் சூடு போகிறதாம். அதிபரின் அறையில் தேநீர் குடித்துவிட்டு, பாடசாலை நன்றாக நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போகிற அதிகாரிகளைக் கண்டவன் நான். எனக்கு விளங்குவதற்கு நேரமெடுக்கவில்லை.

பேச்சின் முடிவில், “2008இல நீ ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகமா?” என்றேன். அவனுக்கு ஞாபகமில்லை. நான் கேள்வியையும் சொல்லி, விடையையும் சொன்னேன். திருகாணியையும் தொடுகைப் புள்ளியையும் பற்றிச் சொன்னேன். “அன்றைக்கு எனக்குத் தெரியாமத்தான் உன்னை இருக்கச் சொன்னேன்” என்றும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, “பரவால்ல சேர், இப்ப விளங்கிட்டு” என்றான்.

இப்போது அவர்கள் நகரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். டிரெயிலரை விற்றுவிட்டான். வாங்கியவரிடம் பெட்டரி வயர்களைக் காட்டி, நேர் வயரில் சிவப்பு நாடா சுற்றிக் கொடுத்ததாகச் சொன்னான்.

நான் பழுதடைந்த இரண்டு மின்னழுத்திகளை இரும்புக் கடையில் வாங்கி வந்து பிரித்து, உள்ளே இருக்கும் ஈருலோகச் சட்டத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மெழுகுதிரியில் பிடித்தால் அது வளைவதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்கிறார்கள். திருகாணியைத் தாங்களே திருகிப் பார்க்கிறார்கள். மின்சுற்றுப் பாடத்தில் ‘சிவப்பு நேர், கறுப்பு மறை’ என்று இப்போதும் எழுதுகிறேன். சோதனைக்கு வேண்டும். அதன் கீழே ‘நமது நாட்டு வழக்கு, வேறு நாட்டில் அளந்து பார்’ என்று இன்னொரு வரியும் எழுதுகிறேன். ஏன் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். அப்போது மைனஸ் 24 பாகையில், ஒரு தகரச் சுவருக்குள், எனது பாடத்தை நம்பிப் பெட்டரி பூட்டிய ஒருவனின் கதையைச் சொல்வேன். பெயரைச் சொல்வதில்லை. பிழை யாருடையது என்பதை மட்டும் சொல்லிவிடுவேன்.